நாய் சோர்ந்து படுத்திருந்தால்: முதலில் உடம்பு, பிறகு மனசு

கேட் சத்தம் கேட்டாலே பாய்ந்து வரும் நாய், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்கிறது. தட்டில் வைத்த சோறு வைத்தபடி கிடக்கிறது. "பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனதில் ஏங்கிப்போச்சு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காய்ச்சல், மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு என்று எது வந்தாலும் நாய் இப்படித்தான் படுக்கும். நாய்க்கு மனச்சோர்வு வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றதையெல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம் அது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் ஈறு. உதட்டைத் தூக்கினால் ரோஸ் நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது சூடு. மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நல்ல ஆரோக்கியமான நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் 101, நாய்க்குச் சாதாரணம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். அப்போது வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். முதலாவது கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இரண்டாவது வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

நம் ஊரில் திடீரென்று மந்தமாகும் நாய்க்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள் என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, அந்த உண்ணி விழுந்து பல மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருப்பது வழக்கமான தடயம். இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் துள்ளி எழுந்துவிடும். தவறு நடப்பதும் அங்கேதான்: சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பிவிடுகிறது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

தண்ணீரையும் அளந்து பாருங்கள். காலையில் ஒரு லிட்டர் ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளந்தால் கணக்கு வந்துவிடும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அது வெயில் தாகம் இல்லை. சிறுநீரகம், சர்க்கரை போன்றவற்றைப் பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் சூட்டுக்கு வந்து ஓரிரு மாதத்துக்குள் இப்படித் தண்ணீரும் குடித்துச் சோர்ந்தும் கிடந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத நிலை.

வலியை நாய் கத்திக் காட்டாது. மாடிப்படி ஏறத் தயங்கும், எழும்போது பின்னங்காலை மெதுவாக ஊன்றும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில் வாழும் வயதான லாப்ரடாருக்கு இது சகஜம். சோகம் என்று நினைத்திருந்ததில் பாதி, தரையில் ரப்பர் மேட் விரித்து வலிக்கு மருந்து தொடங்கியதும் போய்விடுவதுண்டு. எடை கூடி, முடி உதிர்ந்து, எப்போதும் தூங்கி வழிந்தால் தைராய்டு பரிசோதனை கேளுங்கள்.

வளர்ந்த நாய் 24 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குட்டிக்கு அந்த அளவு பொறுமையும் கூடாது.

உடம்பில் கோளாறு இல்லை என்றால்

ஒரு நோட்டில் மூன்று நாள் குறித்துவையுங்கள்: எத்தனை கிராம் தின்றது, எத்தனை முறை தானாக எழுந்து உங்களிடம் வந்தது, பெல்ட்டைக் கையில் எடுத்ததும் என்ன செய்தது, தெருவில் முகர்ந்ததா அல்லது பேருக்கு நடந்ததா. தூக்க நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வளர்ந்த நாய் நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குவது இயல்புதான். ஓய்வெடுக்கும் நாய், பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தத்துக்குக் காதை அசைக்கும். சோர்ந்த நாய்க்கு அந்த ஆசையே வற்றியிருக்கும்.

பிறகு, கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். வீடு மாறியது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர் ஆபீசுக்குப் போகத் தொடங்கியது, குழந்தை பிறந்ததால் நாயை மொட்டை மாடிக்கு அனுப்பியது, போர்டிங்கில் விட்டது, தீபாவளி. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இருந்தாலும் தெருவில் சத்தம் எப்போது நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். கட்டிலுக்கடியில் பதுங்கிய நாய் இரண்டு மூன்று நாளில் வெளியே வர வேண்டும். ஒரு வாரமாகியும் தெருவுக்கு இறங்கவில்லை என்றால் அது பயம், அதற்குத் தனி வைத்தியம்.

ஒரு வகை நாயைப் பலரும் பாராட்டவே செய்வார்கள்: "எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க." நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, எதைச் செய்தாலும் அதட்டு வாங்கி, இனி எதைச் செய்தும் பயனில்லை என்று கைவிட்ட நாய் அது. 1967-இல் உளவியல் ஆய்வாளர்கள் செலிக்மனும் மேயரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த கொடுமையான சோதனைகள் இதைத்தான் காட்டின: தப்பவே முடியாத அதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு தப்பும் வழி கிடைத்தபோதும் பெரும்பாலும் முயலவில்லை. ஓடுவதற்கென்றே வளர்த்தெடுத்த சிப்பிப்பாறையை ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு ஏன் மந்தமாகிவிட்டது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நாளைச் சீர்செய்தல்

இப்படிப்பட்ட நாய்க்குப் பொம்மை வாங்குவதைவிட, அது செய்வதற்குப் பலன் கிடைக்கும்படி அதன் நாளை மாற்றுவது முக்கியம். சாப்பாடு, நடை, தூக்கம் மூன்றுக்கும் நேரம் பிசகக்கூடாது.

நடை தினம் இரண்டு, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். கோடையில் காலை 7 மணிக்கு முன்னும், இரவு தரை ஆறிய பின்னும். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பாதி நேரமாவது போகும் வழியை நாயே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு விளக்குக் கம்பத்தை மூன்று நிமிடம் முகர்ந்தால் நில்லுங்கள். இழுத்துக்கொண்டு நடப்பது அதன் கையிலிருக்கும் செய்தித்தாளைப் பிடுங்குவது போல. தெருநாய்க் கூட்டம் இருக்கும் வழியைத் தவிருங்கள். ஒரு முறை சுற்றி வளைத்துக்கொண்டால் பத்து நாள் முயற்சி போய்விடும்.

சாப்பாட்டில் ஒரு பகுதியைத் தேடித் தின்ன வையுங்கள். உலர் தீவனத்தைப் பழைய துண்டில் தூவி உருட்டிக் கொடுக்கலாம், முட்டை அட்டையின் குழிகளில் போடலாம். முதல் நாள் மிக எளிதாக இருக்க வேண்டும். கஷ்டமானதைக் கொடுத்தால் சோர்ந்த நாய் திரும்பிப் படுத்துவிடும். அட்டையில் ஸ்டேப்ளர் பின் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பசி மந்தமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் வாசனை எழும். கோழி வேகவைத்த தண்ணீரும் நல்லது, ஆனால் வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்கக்கூடாது. தட்டை 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பின்னாலேயே ஓடி ஊட்டிக்கொண்டிருந்தால், படுத்துக் கிடந்தால்தான் கறி வரும் என்று அது கற்றுக்கொள்ளும்.

அதற்காகச் சோகமாக இருக்கும்போது தொடவே கூடாது என்பதில்லை. மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். உடம்பைச் சாய்த்தாலோ காலால் தட்டினாலோ தொடருங்கள். முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினால் விட்டுவிடுங்கள். அதுவாக எழுந்து வந்தால் ஒரு முறைகூடக் கவனிக்காமல் விடாதீர்கள்.

கூட இருந்த நாய் இறந்துபோனால்

2022-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், ஒரு நாயை இழந்து இன்னொன்றை வளர்த்துவந்த 426 பேரைக் கேட்டார்கள். 86 சதவீதத்தினர், மிஞ்சிய நாயின் நடத்தை மாறியது என்றார்கள்: ஆளைச் சுற்றிச் சுற்றி வருவது, விளையாட்டு குறைவது, சாப்பாடு குறைவது. வளர்ப்பவர் உடைந்துபோயிருந்தால் நாயின் மாற்றமும் கூடவே தெரிந்தது. எனவே நடை நேரத்தை மாற்றாதீர்கள். செத்த நாயின் படுக்கையை மறுநாளே தூக்கி எறிய அவசரம் வேண்டாம். துணைக்கென்று உடனே ஒரு குட்டியைக் கொண்டுவருவதையும் தள்ளிப்போடுங்கள். சோர்ந்த நாய்க்குக் கடித்து இழுக்கும் குட்டி துணையாகாது, தொந்தரவு.

மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால்

நோட்டையும், நாய் படுத்திருப்பதையும் நடப்பதையும் எடுத்த வீடியோவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மேஜையில் ஏற்றியதும் பயத்தில் எல்லா நாயும் சுறுசுறுப்பாகத் தெரியும் என்பதால் வீடியோ அவசியம். ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை அவர் எழுதித் தரலாம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், முதல் சில நாள் பசி இன்னும் குறையலாம். உண்ணிக்காக அமிட்ராஸ் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்கள் என்றால், அல்லது அந்த மருந்து கலந்த பட்டை கட்டியிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைகளோடு அது சேரக்கூடாது. நாய் தேறிவிட்டது என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.