லாரியில் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்: ஒற்றை பேட்டரியில் கை வைக்காதீர்கள்

காரில் இருக்கும் லைட்டர் சாக்கெட்டும் லாரி கேபினில் இருப்பதும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே வரும் வோல்ட்தான் வேறு. கார், டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளில் 12 வோல்ட். பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் 24. கார் ஃப்ரிட்ஜை லாரியில் செருகினால் பிளக் தடையில்லாமல் உள்ளே போய்விடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கம்ப்ரஸர் இல்லாத, விலை குறைந்த கூலர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. அதில் 24 கொடுத்தால் வோல்ட் இரட்டிப்பாகும், கரண்டும் அதோடு ஏறும். உள்ளே ஏறும் சூடு ஏறக்குறைய நாலு மடங்கு. ஃபியூஸ் போனால் தப்பித்தீர்கள். போகாவிட்டால் ஃபேனும் குளிர்விக்கும் தகடும் கருகிவிடும். (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வகைப் பெட்டி வெளியே இருக்கும் சூட்டைவிட 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். சித்திரை வெயிலில் 42 டிகிரி கேபினில் இன்சுலினை இதை நம்பி வைக்காதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.)

அதனால் முதலில் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘12/24 வோல்ட் டிசி’ என்று இருந்தால் கவலையில்லை. கம்ப்ரஸர் உள்ள பல மாடல்கள் எந்த வோல்ட் வருகிறது என்று தாமாகவே கண்டுகொள்ளும். அடுத்து வண்டியைப் பாருங்கள். இரண்டு பேட்டரி இருந்தாலே 24 என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸோடு சேர்ந்திருந்தால் 24. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் 12தான். மல்டிமீட்டர் வைத்தால் சந்தேகமே இருக்காது: இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 28 பக்கம் காட்டும், 12 வோல்ட் வண்டியில் 14.

சரி, ஃப்ரிட்ஜ் 12, வண்டி 24. இப்போது பலரும் செய்வது, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பது. “ரெண்டுமே 12 வோல்ட் பேட்டரிதானே அண்ணே, ஒண்ணுல இருந்து எடுத்தா போச்சு” என்று டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே சொல்லிச் செய்து கொடுக்கிறார்கள். ஃப்ரிட்ஜும் நன்றாகவே ஓடும். அதனால்தான் இதைத் தவறு என்று யாரும் நினைப்பதில்லை.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 12 வோல்ட்டில் 4, 5 ஆம்ப்ஸ் இழுக்கும். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 25 ஆம்பியர் மணி. அத்தனையும் ஒரே பேட்டரியிலிருந்து போகிறது. பக்கத்தில் இருப்பது நிறைந்தே நிற்கிறது. காலையில் இன்ஜின் ஓடியதும் டைனமோ இரண்டையும் ஒன்றாகத்தான் சார்ஜ் செய்யும். மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்பதே அதற்குக் கணக்கு, யாருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. காலியான பேட்டரி 13.2 வோல்ட்டிலேயே நின்றால் நிறைந்திருப்பதன் மேல் 14.8 ஏறும். நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும். காலியானது சார்ஜ் போதாமல் தகட்டில் சல்பேட் படிந்து கெடும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றுக்குத் தீனியே போடாமல் மற்றதற்குத் திணித்தால் வண்டி எப்படிப் போகும்? ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி டிஸ்டில் வாட்டர் கேட்டால், செல்ஃப் மந்தமாக அடித்தால், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் எங்காவது வயர் எடுத்திருக்கிறதா என்று தேடுங்கள்.

48 வோல்ட் ஈ-ரிக்‌ஷாவில் நாலு பேட்டரியில் ஒன்றைத் தொடுவதும் இதே தவறுதான்.

சரியான வழி 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர். அதன் உள்ளீடு இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் போக வேண்டும். முதல் பேட்டரியின் மைனஸ், கடைசிப் பேட்டரியின் பிளஸ். ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப்ஸ் என்றால் 5 ஆம்ப்ஸ் கன்வெர்ட்டர் வாங்கக் கூடாது. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும், மலிவுச் சரக்கில் எழுதியிருக்கும் ஆம்ப்ஸும் கிடைக்காது. 15 ஆம்ப்ஸ் எடுங்கள்.

கன்வெர்ட்டர் போட்ட பிறகு ஒரு விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும். பேட்டரி இறங்கினால் ஃப்ரிட்ஜே நின்றுகொள்ளும் வசதி பல மாடல்களில் உண்டு. ஆனால் நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு எப்போதும் ஒரே சீரான வோல்ட்தான் தெரியும். பேட்டரி சாகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்த வோல்ட்டில் தானே அணையும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சாவி போட்டால் மட்டும் ஓடும்படி ரிலே வைக்கச் சொல்லுங்கள். இதே காரணத்தால்தான் 12/24 ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டரே போடாமல் நேராக 24-ல் கொடுப்பது நல்லது. அதில் ஹை, மீடியம், லோ என்று பேட்டரிக் காப்பு இருந்தால் ஹையில் வையுங்கள், பேட்டரி ரொம்ப இறங்கும் முன்பே ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். செல்ஃப் அடிக்கும் பேட்டரி அது.

வயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 5 மீட்டர் தூரம், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 5 ஆம்ப்ஸ் என்றால் போகவர 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.2 சொச்சம். இன்னும் நல்லது, கன்வெர்ட்டரை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைப்பது. நீள வழி முழுக்க 24 வோல்ட்டில், பாதி ஆம்ப்ஸில் போகும். பேட்டரி பிளஸ்ஸை விட்டதும் ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ் கட்டாயம். உராய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிப்பது அந்த வயர்தான்.

இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, அடாப்டரில் மறுபடி 12 ஆக்குவதும் வேலைக்கு ஆகும்தான். ஆனால் இரண்டு இடத்தில் கரண்ட் வீணாகும்.

ஏற்கெனவே ஒற்றை பேட்டரியில் ஓட்டிக் கெடுத்தாகிவிட்டது என்றால், கெட்டதை மட்டும் மாற்றிப் பழையதோடு ஜோடி சேர்க்காதீர்கள். புதுசுக்கும் பழசுக்கும் சார்ஜ் ஏறும் விதம் ஒத்துப்போகாது. அதே ஏற்றத்தாழ்வு கன்வெர்ட்டர் இருந்தும் மறுபடி வரும். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், ஒரே மாதத் தயாரிப்பாக இரண்டையும் மாற்றுங்கள், மாற்றும் அன்றைக்கே நடுவில் போகும் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள்.