வாவிக்கரையில் ஒரு டிஸ்டோபியா: எட்டுப் பக்கக் காமிக்ஸ் செய்யும் முறை

டிஸ்டோபியா என்றால் கொடிய விதி ஒன்று ஆளும் கற்பனை உலகம். அதை ரோபோ வரைவதில் தொடங்க வேண்டாம். முதலில் வேண்டியது ஒரு விதி, அதுவும் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது. இலங்கையில் அரசு வழங்கிய காணிக்குப் பின்னுரித்தாளி (உரித்தாளருக்குப் பின் காணியைப் பெறுபவர்) பெயரிடப்படாவிட்டால், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மகன்மாரை முன்னே நிறுத்தியது, 2022இல்தான் திருத்தினார்கள். மட்டக்களப்பு வழக்கிலோ வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். இரண்டையும் மோதவிடுங்கள். கல்லடியில் தாய் கட்டிக்கொடுத்த வீடு, அதன் கதவுப் பூட்டு ஆண் முகத்துக்கு மட்டும் திறக்கிறது. இன்னொரு விதியைச் சேர்த்தால் எட்டுப் பக்கமும் விளக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

விதியை யாரும் வாயால் சொல்லக் கூடாது. முதல் பெட்டியில் மீன் பையோடு அவள். அடுத்ததில் பூட்டுக் கண்ணாடியில் அவள் முகம். பிறகு அசையாத கதவு. நாலாவதில் மூன்று வயது மகனைத் தூக்கிப் பிடிக்கிறாள்: "மறுகா ஒருக்காப் பார் மனே." திறக்கிறது. அவள் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். செந்தமிழைப் பூட்டுக்குக் கொடுங்கள். கதையில் அவளுக்கு அடி விழும் இடம் வந்தால் அவள் உடலைக் காட்டாமல் அவள் கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திட்டும், பெண் உடலை வேடிக்கை பார்க்கும் அதே பார்வையைத்தான் வாசகருக்கும் கொடுப்பீர்கள்.

அதிர்ச்சியை 4ஆம் அல்லது 6ஆம் பக்கத்தின் முதல் பெட்டியில் வையுங்கள், தாளைப் புரட்டினால்தான் தெரியும். 5இல் வைத்தால் 4ஐ வாசிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

ஒவ்வொரு பக்கத்தையும் தனி ஏ4 தாளில் வரைந்து, 71 சதவீதமாகச் சுருக்கிக் கொப்பி எடுத்தால் ஏ5 கிடைக்கும். 0.3 மில்லிமீற்றர் பேனைக் கோடு சுருங்கினால் 0.2தான், மங்கிப் போகும், 0.5 பாவியுங்கள். எழுத்து உயரம் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ண, ஞ சுழிகள் மை அடைத்துக்கொள்ளும். மேல்வரியில் கீழே இறங்கும் கோடுகளும் கீழ்வரியில் மேலே ஏறும் கோடுகளும் மோதாமலிருக்க வரிகளுக்கிடையே அதே அளவு இடைவெளி விடுங்கள். வசனத்தை முதலில் எழுதி, பிறகு அதைச் சுற்றிப் பேச்சுப் பலூன் போடுங்கள். தமிழ்ச் சொல் நீளம், முன்கூட்டியே வரைந்த பலூனுக்குள் அடங்காது. சாம்பல் நிறப் பூச்சு கொப்பியில் திட்டுத்திட்டாகும், குறுக்குக் கோடே போதும். ஓரங்களில் 1 சென்ரிமீற்றர் விடாவிட்டால் மெசின் வெட்டிவிடும்.

ஏ5 பக்கங்களை இரண்டிரண்டாக ஏ4 தாளில் பக்கத்துப் பக்கமாக அடுக்கும்போது முதல் தாளில் 8–1, பின்புறம் 2–7; இரண்டாம் தாளில் 6–3, பின்புறம் 4–5. சோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரும். இருபக்கக் கொப்பிக்குக் 'குட்டை ஓரத்தில் புரட்டவும்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாகிவிடும். ஒரு பிரதியை மடித்து வாசித்துப் பார்த்த பிறகே மிச்சத்தை அடிக்கக் கொடுங்கள்.