லினக்ஸ் கர்னலில் மெய்நிகர் நினைவக அமைப்புகளை மாற்றுவது எப்படி?

8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் உபுண்டுவையோ டெபியனையோ நிறுவிய கையோடு பலர் செய்யும் முதல் வேலை, ஸ்வாப்பினெஸ் மதிப்பை 60-லிருந்து 10-க்குக் குறைப்பது. ஸ்வாப் என்பது ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்; அதை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எண்தான் ஸ்வாப்பினெஸ். கணினி பறக்கிறது என்று சத்தியமும் செய்வார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்தக் கணினி ஸ்வாப்பைத் தொட்டே இருக்காது. எந்த எண்ணில் கை வைப்பதற்கும் முன்னால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கர்னல் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் சிஸ்சிடிஎல் கட்டளையை எஸ், ஒய், எஸ், சி, டி (T), எல் என்று இடைவெளியில்லாமல் தட்ட வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாத கணினியில் மதிப்புகளைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான். கர்னல் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது; சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. ரேமில் நெருக்கடி வந்தால் சில பக்கங்களை வெளியேற்றியாக வேண்டும். வட்டில் இருக்கும் கோப்பின் நகலாக உள்ள பக்கத்தை ரேமிலிருந்து தூக்கி எறிந்துவிடலாம், வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். நிரல் தானே உருவாக்கிய தரவுக்கு வட்டில் நகல் கிடையாது. அதை ஸ்வாப்பில் எழுதிவைத்தால்தான் இடம் காலியாகும்.

படி 1: அளந்து பாருங்கள்

ஃப்ரீ -எச்

இதில் 'ஃப்ரீ' பத்தியில் சில நூறு எம்பிதான் இருக்கிறதே என்று பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் 'அவெய்லபிள்' பத்தியை. அடுத்து,

விஎம்ஸ்டாட் 1

விநாடிக்கு ஒரு வரி ஓடும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளில் கண் இருக்கட்டும்: ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ஸ்வாப்புக்கு வெளியே போவது. வழக்கமான வேலையைச் செய்துகொண்டே சில நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால் ஸ்வாப்பினெஸை மாற்றி ஒரு பயனும் இல்லை. இரண்டிலும் பெரிய எண்கள் நிற்காமல் ஓடினால் ரேம் போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து எந்த அமைப்பிலும் இல்லை, நிரல்களை மூட வேண்டும் அல்லது ரேம் வாங்க வேண்டும்.

படி 2: பழைய மதிப்பைக் குறித்து வைத்து, தற்காலிகமாக மாற்றுங்கள்

சிஸ்சிடிஎல் விஎம்.ஸ்வாப்பினெஸ்

பெரும்பாலும் 60 என்று வரும். இந்த அமைப்புகள் எல்லாம் /ப்ராக்/சிஸ்/விஎம் கோப்பகத்தில் சிறு கோப்புகளாகத் தெரியும். திறந்து படித்தாலும் அதே எண்தான். மாற்றுவதற்கு (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது):

சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.ஸ்வாப்பினெஸ்=30

உடனே நடைமுறைக்கு வரும், மறுதொடக்கம் செய்தால் போய்விடும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

60 என்றால் '60 சதவீத ரேம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும்' என்பது பரவலான தவறான எண்ணம். மேலே சொன்ன இரண்டு வகைப் பக்கங்களில் எதை வெளியேற்றுவது மலிவு என்று கர்னலுக்கு நாம் சொல்லும் எடை அது. 100 என்றால் இரண்டுக்கும் ஒரே செலவு. குறையக் குறைய, கோப்புப் பக்கங்கள் முதலில் பலியாகும். 2020-இல் வந்த 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஸீராம் பயன்படுத்துபவர்களுக்கு 100-க்கு மேலான மதிப்புதான் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஸ்வாப் வட்டைவிட வேகமானது. 0 வைத்தாலும் ஸ்வாப் அணைந்துவிடாது, கடைசிக்கட்ட நெருக்கடியில் பயன்படத்தான் செய்யும். எஸ்எஸ்டி உள்ள வீட்டுக் கணினியில் நான் 60-ஐ அப்படியே விட்டுவிடுவேன்.

படி 3: உண்மையிலேயே பலன் தெரியும் இடம்

ஒரு பெரிய திரைப்படக் கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கிறீர்கள். முன்னேற்றப் பட்டை சில விநாடிகளில் பாதியைத் தாண்டிவிடுகிறது, பிறகு அசையாமல் நிற்கிறது. முடிந்தது என்று காட்டிய பிறகும் 'பாதுகாப்பாக அகற்று' பொத்தான் நிமிடக்கணக்கில் காத்திருக்க வைக்கிறது. பென் டிரைவைக் குறை சொல்வதற்கு முன் இன்னொரு முனையத்தில் இதை ஓட்டிப் பாருங்கள்:

வாட்ச் -என் 1 க்ரெப் -இ டர்ட்டி -இ ரைட்பேக் /ப்ராக்/மெம்இன்ஃபோ

இங்கே டர்ட்டி, ரைட்பேக் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. நகலெடுக்கத் தொடங்கியதும் டர்ட்டி எண் மளமளவென்று ஏறும். வட்டுக்குப் போய்ச் சேராமல் ரேமில் காத்திருக்கும் தரவு அது. விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோ இயல்பாக 10. கையிருப்பு நினைவகத்தில் அத்தனை சதவீதம் சேர்ந்ததும் கர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும். விஎம்.டர்ட்டி_ரேஷியோ இயல்பாக 20. அதை எட்டினால் எழுதும் நிரலையே தடுத்து நிறுத்தும். அந்த அளவுகளை எட்டாவிட்டாலும் 30 விநாடிக்கு மேல் பழசான தரவு வட்டுக்கு எழுதப்படும்.

10 ஜிபி கையிருப்பு இருக்கும் கணினியில் 10 சதவீதம் என்றால் 1 ஜிபி. விநாடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவுக்கு அதுவே 100 விநாடி வேலை. ரேம் கூடக்கூட இந்தக் காத்திருப்பும் கூடும் என்பதுதான் வேடிக்கை. சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில் வரம்பு வைத்தால் தீர்ந்தது:

சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ்=67108864
சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.டர்ட்டி_பைட்ஸ்=268435456

முதலாவது 64 எம்பி, இரண்டாவது 256 எம்பி. இதன் பிறகு ரேஷியோ மதிப்புகளைக் கேட்டால் 0 என்று காட்டும். பயப்பட வேண்டாம், பைட்ஸ், ரேஷியோ இரண்டில் கடைசியாக எழுதியது மட்டுமே செல்லும். மறுபடி நகலெடுத்துப் பாருங்கள், பட்டை இப்போது உண்மையான வேகத்தைக் காட்டும். ஓயாமல் எழுதும் தரவுத்தளச் சர்வர்களில் இவ்வளவு சிறிய வரம்பை யோசிக்காமல் வைக்காதீர்கள், நிரல்கள் அடிக்கடி தடுக்கப்பட்டு மொத்த வேகமே குறையலாம்.

படி 4: நிலைநிறுத்துங்கள்

ஓரிரு நாள் பயன்படுத்திப் பார்த்துத் திருப்தியானால், /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி கோப்பகத்தில் 90-நினைவகம் என்பது போல ஒரு பெயரில், .கான்ஃப் என்று முடியும் கோப்பை உருவாக்கி, வரிக்கு ஒரு அமைப்பாக எழுதுங்கள். கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும், பின்னால் வருவதே வெல்லும். முன்னால் எண் போடுவது அதற்காகத்தான். பிறகு:

சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்

மற்ற அமைப்புகளை ஒரு நிரலின் ஆவணம் கேட்டால் மட்டும் தொடுங்கள். தேடல் நிரலான எலாஸ்டிக்சர்ச் விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட் மதிப்பைக் குறைந்தது 262144 ஆக்கச் சொல்லும். ரேமிலேயே இயங்கும் தரவுத்தளமான ரெடிஸ் விஎம்.ஓவர்கமிட்_மெமரி=1 கேட்கும்; பின்னணியில் சேமிக்கும்போது அது தன்னையே பிரதி எடுப்பதால், அந்த நேரத்தில் கர்னல் நினைவகம் தர மறுத்துவிடக் கூடாது. விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் மட்டும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்: மிகக் குறைத்தால் கணினி உறைந்துபோகும், மிகக் கூட்டினால் நினைவகம் தீர்ந்ததாக எண்ணிக் கர்னல் உங்கள் நிரல்களைக் கொல்லத் தொடங்கும்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டுமா? நீங்கள் எழுதிய அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.