டிஎஸ்18பி20 உணரியின் எண்ணை வெப்பநிலையாக மாற்றும் முறை

டிஎஸ்18பி20 (DS18B20) என்னும் மின்னணு வெப்பநிலை உணரி, அளவைப் பின்னமாக அனுப்புவதில்லை. ஒரு டிகிரி செல்சியஸைப் பதினாறு கூறுகளாக்கி, அக்கூறுகளின் எண்ணிக்கையை 16 பிட் முழு எண்ணாக, இரண்டு பைட்டுகளில் தருகிறது. முதலில் வருவது கீழ்ப் பைட்டு என்பதை மறவாமல், இரண்டாவதாக வரும் மேல் பைட்டை 256ஆல் பெருக்கி, அதனுடன் முதல் பைட்டைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 145, 1 என்னும் பைட்டுகள் வந்தால் கூட்டுத்தொகை 401. அதை 16ஆல் வகுத்தால் 25.0625 டிகிரி கிடைக்கும்.

பலர் தவறுவது பூச்சியத்துக்குக் கீழே உள்ள அளவுகளில்தான். இவ்வுணரி எதிர்ம எண்களை இரண்டின் நிரப்பி (two's complement) முறையில், அதாவது 65536ஐக் கூட்டிய வடிவில் குறிப்பதால், கூட்டுத்தொகை 32767ஐத் தாண்டினால் வகுப்பதற்கு முன்பே அதிலிருந்து 65536ஐக் கழித்துவிட வேண்டும். 94, 255 என்னும் பைட்டுகள் தரும் 65374 இவ்வாறு −162 ஆகி, −10.125 டிகிரியைக் காட்டும். கழிக்காமல் வகுத்தால் நாலாயிரம் டிகிரிக்கு மேல் வரும். நிரலில் எதிர்ம எண்களையும் ஏற்கும், குறியுள்ள (signed) 16 பிட் மாறியைப் பயன்படுத்தினால் இக்கழித்தல் தானாகவே நிகழும் என்பதால், நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

மின்சாரம் கொடுத்தவுடன் உணரியின் பதிவகத்தில் (அளவைச் சேமிக்கும் நினைவிடத்தில்) 85 டிகிரிக்கான மதிப்பே இருக்கும். ஆகவே அளவிடும் கட்டளையை அனுப்பி, 12 பிட் துல்லியத்துக்கு 750 மில்லி விநாடி காத்திருந்த பிறகே படிக்க வேண்டும்.