கிட்டாரைக் கடைசியாகக் கேளுங்கள்: ஹார்ட் ராக் ஆல்பங்களை ஊன்றிக் கேட்பதற்கு ஒரு வழிகாட்டி

ஹார்ட் ராக் இசையை நம்மில் பலர் வண்டி ஓட்டும்போதோ வேறு வேலை செய்யும்போதோதான் கேட்கிறோம். அப்படிக் கேட்டால் பாடகரின் குரலும் கிட்டார் சோலோவும் (கிட்டார் முன்னின்று தனித்து வாசிக்கும் பகுதி) மட்டுமே காதில் நிற்கும். மற்றவை அனைத்தும் ஒரே ஓசையாகக் கலந்து பின்னால் போய்விடும். ஆனால் 1970களின் சிறந்த ஹார்ட் ராக் ஆல்பங்கள், தேர்ந்த வாத்தியக் கலைஞர்கள் நான்கைந்து பேர் ஓர் அறையில் கூடி, ஒருவர் வாசிப்பதை மற்றவர் உன்னிப்பாகக் கவனித்தபடி உருவாக்கியவை. அந்தக் கவனிப்பை நாமும் பின்தொடர வேண்டுமானால், எல்லோரும் முதலில் கேட்கும் கிட்டாரை நாம் கடைசியாகக் கேட்கப் பழக வேண்டும் என்பது பல ஆண்டுகளாகக் கேட்டு வந்ததில் நான் கண்டுகொண்ட முறை. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது ஒரு வாரம் அதனோடு மட்டும் இருங்கள். தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது டீப் பர்ப்பிள் குழு 1972 மார்ச்சில் வெளியிட்ட ‘மெஷின் ஹெட்’. இதில் கிட்டாருக்குச் சமமாக, விசைப்பலகை வாத்தியமான ஆர்கன் நிற்கிறது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கின்றன. மொத்தம் ஏழே பாடல்கள், ஏறத்தாழ 37 நிமிடங்கள். ஒரு மாலைப் பொழுதில் இரண்டு முறை முழுதாகக் கேட்டுவிடலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை விலை உயர்ந்தவை எதுவும் தேவையில்லை. ஆனால் கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த சுரங்களை எழுப்ப முடியாது என்பதால், ரோஜர் குளோவரின் பேஸ் கிட்டார் அதில் பெரும்பாலும் காணாமலே போய்விடும். சாதாரணமான ஹெட்ஃபோன் ஒன்று போதும். ஒலியளவை மிதமாக வையுங்கள். இந்த இசையை அலறவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நுட்பங்களைப் பிரித்தறிய நினைக்கும்போது அளவுக்கு மிஞ்சிய ஒலி காதைச் சீக்கிரம் களைக்கச் செய்துவிடும். ஆல்பத்தின் 25ஆம் ஆண்டையொட்டி குளோவரே மறுகலவை செய்த (வாத்தியங்களின் ஒலிகளை மறுபடி சேர்த்தமைத்த) பதிப்பு 1997இல் வெளிவந்தது. அது சுவையானதுதான் என்றாலும், 1972ஆம் ஆண்டின் மூலக் கலவையை முதலில் மனத்தில் பதித்துக்கொண்ட பிறகு அதற்குப் போவதே நல்லது.

முதல் கேட்டலில் எதையும் ஆராய வேண்டாம். பாடல்களின் வரிசையை மாற்றாமல், இடையில் நிறுத்தாமல், முழுவதையும் கேளுங்கள். இசைத்தட்டுக் காலத்தில் இந்த ஆல்பம் இரண்டு பக்கங்களாகப் பிரிந்திருந்தது: ‘ஹைவே ஸ்டார்’ முதல் ‘நெவர் பிஃபோர்’ வரை நான்கு பாடல்கள் முதல் பக்கம், ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’, ‘லேஸி’, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஆகிய மூன்றும் இரண்டாம் பக்கம். நான் இதை முதலில் கேட்டது கேசட்டில். நான்காம் பாடல் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடும் அந்தச் சில நொடி அமைதிக்குப் பிறகு இரண்டாம் பக்கத்தின் கிட்டார் தனியாக எழும்பி வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்களும் நான்காம் பாடலுக்குப் பின் அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். ஐந்தாம் பாடலின் தொடக்கம் எதற்காக அப்படி அமைந்திருக்கிறது என்பது புரியும்.

இரண்டாம் கேட்டலுக்கு முன் ஆல்பம் பதிவான சூழலைத் தெரிந்துகொள்வது பயன் தரும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகரிலுள்ள கேளிக்கை அரங்கில் பதிவு செய்ய இக்குழு திட்டமிட்டிருந்தது. டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டதில் அரங்கமே எரிந்துபோனது. பக்கத்திலிருந்த ஏரியின் மேல் புகை படர்ந்த அந்தக் காட்சியிலிருந்துதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பிறந்தது. பிறகு, குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைகூடத்தில் மெத்தைகளை அடுக்கி ஒலியைக் கட்டுப்படுத்தி, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவுக்கூட வண்டியில் மார்ட்டின் பர்ச் இந்த இசையைப் பதிவு செய்தார். நடைகூடத்திலிருந்து வண்டிக்குப் போக அறைகளையும் மாடங்களையும் கடந்து சுற்றி வர வேண்டியிருந்ததால், வாசித்ததைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பதையே அவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எதிரொலி குறைந்து, ஒவ்வொரு வாத்தியமும் காதருகே ஒலிப்பதையும், ஐவரும் தங்கள் கைகளை நம்பி நேராக வாசித்திருப்பதையும் இந்தப் பின்னணியோடு கேட்கும்போது நன்றாக உணரலாம்.

இப்போது டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் பின்தொடருங்கள். குரல் எவ்வளவு இழுத்தாலும் அதன் பின்னே போகாதீர்கள். இரண்டாம் பாடலான ‘மேபி ஐம் எ லியோ’ இதற்கு நல்ல பயிற்சிக்களம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மேசையில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘ஒன்று’ விழுந்த பிறகுதான் ரிஃப் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைச் சொற்றொடர்) தொடங்குகிறது என்பதைக் கவனிப்பீர்கள். தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுப்பதை நம் இசையில் அனாகத எடுப்பு என்கிறோமே, அதே உத்தி. பெரும்பாலான ராக் ரிஃப்கள் முதல் தட்டிலேயே விழுவதால், இதைக் குளோவர் வேண்டுமென்றே அப்படி அமைத்தார். பாடல் சோம்பல் நடையில் போவதுபோலத் தோன்றுவதற்கு இந்த ஒரு தட்டு இடைவெளியே பெரிதும் காரணம். அடுத்து வரும் ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ இயன் பெய்ஸின் டிரம்ஸோடு தொடங்குகிறது. நடுவில் பேஸ் கிட்டாருக்கென்றே ஒரு தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘லேஸி’யில் பெய்ஸ் வாசிப்பது ஜாஸ் இசையிலிருந்து வந்த ஊஞ்சல் நடை. கனமான இசைக்கு வாசிக்கும் கை இவ்வளவு இலேசாக இருக்க முடியுமா என்று வியப்பேற்படும். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தவர் பெய்ஸ்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் கேட்டல் ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டுக்கு. ஹேமண்ட் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி என்னும் சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைப்பார்கள். அது இசைக்கு ஒரு மென்மையான அலைவைத் தரும். லார்டோ தன் ஆர்கனைக் கிட்டார் கலைஞர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். அதனால் அவருடைய ஆர்கன் கரகரப்பாக, உறுமலோடு ஒலிக்கிறது. பல ஆண்டுகள் கேட்டவர்கள்கூடச் சில இடங்களில் அதைக் கிட்டார் என்றே நினைத்திருக்கக் கூடும். எது ஆர்கன், எது கிட்டார் என்று இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ‘லேஸி’யின் தொடக்கத்தில் ஆர்கன் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை முதலில் நன்றாகக் கேட்டு அதன் குரலை மனத்தில் பதித்துக்கொண்டால், பிறகு எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும்.

குரலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இயன் கில்லனின் உச்சஸ்தாயி தானாகவே நம்மைப் பிடித்துக்கொள்ளும். அவர் எப்போது பாடாமல் இருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். ‘லேஸி’ ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாடல். அதில் பாதியைக் கடந்த பிறகே அவர் குரல் நுழைகிறது.

இனிக் கிட்டாருக்கு வரலாம். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃப்பை கிட்டார் கற்கத் தொடங்கும் பலரும் முதலில் வாசித்துப் பார்ப்பதால், அதை எளிதென்று ஒதுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சுரமாகச் சொன்னால் முதல் சொற்றொடர் ‘ஸ க ம’. இரண்டாவது ‘ஸ க’ என்று தொடங்கிப் பிரதி மத்திமத்தைத் தொட்டுச் சுத்த மத்திமத்தில் இறங்குகிறது. மூன்றாவது ‘ஸ க ம க ஸ’ என்று வந்த வழியே வீடு திரும்புகிறது. இங்கே காந்தாரம் சாதாரண காந்தாரம். பிரதி மத்திமம் முழு ரிஃப்பிலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அந்த ஒரு சுரத்தில்தான் மொத்த ரிஃப்பின் காரமும் இருக்கிறது. இதை ரிச்சி பிளாக்மோர் ஒற்றைச் சுரங்களாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நான்காம் சுர இடைவெளியில் கீழே உள்ள சுரத்தையும் சேர்த்து, பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) இல்லாமல் விரல்களால் மீட்டுகிறார். பிக்கால் வாசித்தால் ஒரு தந்திக்குப் பின்னே அடுத்த தந்தி என்று நூலிழை இடைவெளி விழும்; விரல்களால் சுண்டும்போது இரண்டு தந்திகளும் ஒரே கணத்தில் பேசும். கையில் கிட்டார் இருந்தால் இரண்டு விதமாகவும் வாசித்து வேறுபாட்டைக் கேளுங்கள்.

அதே பாடலின் தொடக்கத்தில் வாத்தியங்கள் நுழையும் வரிசையையும் எண்ணுங்கள். முதலில் கிட்டார் மட்டும், பிறகு பெய்ஸின் ஹை-ஹாட்டும் (டிரம்ஸிலுள்ள ஜோடித் தாளத்தகடுகள்) ஆர்கனும், அடுத்து முழு டிரம்ஸ், அதன் பிறகு பேஸ் கிட்டார், கடைசியில் குரல். கட்டடத்தை ஒவ்வொரு மாடியாக எழுப்புவதுபோல இது நடக்கிறது. பேஸ் கிட்டார் நுழையும் அந்த நொடியில் ஒலியின் அடித்தளம் எப்படி மாறுகிறது என்பதை உணர்ந்துவிட்டால், பிறகு எந்தப் பாடலிலும் உங்கள் காது பேஸ் கிட்டாரைத் தேடத் தொடங்கிவிடும்.

‘ஹைவே ஸ்டார்’ பாடலில் இரண்டு சோலோக்கள் இருக்கின்றன: முதலில் ஆர்கன், அடுத்த சரணத்துக்குப் பிறகு கிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுங்கள். தமது சோலோவின் சுர அடுக்குகள் ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசைப்பாணியைத் தழுவியவை என்று பிளாக்மோரே கூறியிருக்கிறார். ராக் இசையில் புழங்கும் ப்ளூஸ் சுரங்களிலிருந்து விலகி, ஐரோப்பியச் செவ்வியல் இசையின் படிக்கட்டு போன்ற வரிசைகள் அங்கே கேட்கும். அதில் வேகத்தைவிட ஒழுங்கைக் கவனியுங்கள். முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்த சோலோ அது.

கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்க்க ‘மேட் இன் ஜப்பான்’ இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு இது. ‘மெஷின் ஹெட்’டின் நான்கு பாடல்கள் இதிலும் உள்ளன. நான்கு நிமிடத்துச் சொச்சம் ஓடிய ‘ஸ்பேஸ் டிரக்கின்’ இங்கே ஏறத்தாழ இருபது நிமிடங்கள் விரிகிறது. ஒரு பாடலைப் பதிவுக்கூட வடிவில் ஒருமுறையும் மேடை வடிவில் ஒருமுறையும் கேட்டு, எந்தப் பகுதியை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், எங்கே மனோதர்மத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் புதிதாக ஒன்றை வாசித்தவுடன் மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லும் இடங்களைத் தேடுங்கள்.

இந்த முறை கைவந்த பிறகு மற்ற ஆல்பங்களுக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது வேறு. லெட் செப்பெலின் குழு 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காம் ஆல்பத்தில் அறையைக் கேளுங்கள். அதன் கடைசிப் பாடலான ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பதிவின்போது ஜான் பான்ஹாமின் டிரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய வீட்டின் கூடத்தில், படிக்கட்டின் அடியில் வைத்து, மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். மாண்ட்ரோவில் மெத்தைகள் விழுங்கிய எதிரொலியை இங்கே ஒரு வாத்தியமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

பிளாக் சாபத் குழுவில் ஒரு கையைக் கேளுங்கள். அதன் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி இடக்கைக்காரர். பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில், தந்தியை அழுத்தும் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் விரல்நுனிகளுக்குத் தாமே உறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் சில பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தி தளர்ந்து விரலுக்கு இதமானது. ஒலியும் இருண்டு கனத்தது. 1970இல் வெளிவந்த முதல் ஆல்பத்தோடு அதை ஒப்பிட்டுக் கேட்டால் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியும்.

1980 ஜூலையில் வந்த ஏசி/டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’கில் இடைவெளிகளைக் கேளுங்கள். பாடகர் பான் ஸ்காட் அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோக, பிரையன் ஜான்சன் பாடிய முதல் ஆல்பம் இது. இதில் மால்கம் யங்கின் துணைக் கிட்டாரையும் ஃபில் ரட்டின் டிரம்ஸையும் மட்டும் பின்தொடர வேண்டும். தலைப்புப் பாடலின் ரிஃப்பில் கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு உடனே நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் டிரம்ஸ் மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிட்டார் ஒலிக்கும்போது கையை மூடி, அது நிற்கும்போது கையைத் திறந்து, ஒரு நிமிடம் அப்படியே கேட்டுப் பாருங்கள்.