கை முறிந்த குழந்தைக்கு வைட்டமின் டி: எங்கே தவறு நடக்கிறது

மாவுக்கட்டு போட்டு வந்ததுமே 'எலும்பு சீக்கிரம் கூட' என்று வைட்டமின் டி வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் போதுமான அளவு இருக்கிற குழந்தைக்கு மேலும் மேலும் கொடுப்பதால், பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் கூடுகிற முன்கை எலும்பு முன்னதாகவே கூடிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

பெரிய ஆபத்து 60,000 யூனிட் சாஷேயில் இருக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதித் தந்ததை, ஓ.ஆர்.எஸ். பொடி மாதிரி தினமும் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் அன்றாடத் தேவை 600 யூனிட்தான். ஒரு சாஷேயே 100 நாள் கணக்கு. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும், மிச்சம் சட்டென்று சிறுநீரில் வெளியேறாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொட்டு மருந்திலும் இதே குழப்பம்: ஒரு மி.லி.யில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் லேபிளைப் படிக்காமல் பழைய அளவில் ஊற்றாதீர்கள். கால்சியம் சிரப்பிலும் பெரும்பாலும் வைட்டமின் டி கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. லேசாக விழுந்ததற்கே முறிந்தாலோ, மறுபடி மறுபடி முறிந்தாலோ, மணிக்கட்டு தடித்துக் கால் வளைந்திருந்தாலோ, வலிப்பு மாத்திரை நெடுநாளாகச் சாப்பிட்டாலோ பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25 என்று தொடங்கும் சோதனை குறைபாட்டிலும் நார்மலாகக் காட்டி ஏமாற்றும். ஒரு மி.லி. ரத்தத்தில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதும், 12-க்குக் கீழே என்றால் குறைபாடு.

வெயில்? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைப்பதில் பயனில்லை. தேவையான புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. காலை ஏழு மணி வெயிலிலும் அது மிகக் குறைவு.

கால்சியத்தை மறந்துவிட்டு வைட்டமினை மட்டும் கொடுப்பதும் அரைகுறை வைத்தியம்தான். 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மி.கி.க்கு மேலும், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 200 மி.கி.யும் கிடைக்கும். குறைபாட்டுக்கான சிகிச்சை வழக்கமாக மூன்று மாதம். அதன்பின் பழைய சீட்டைக் காட்டி மறுபடி சாஷே வாங்காமல், அன்றாட அளவுக்கு இறங்கிவிட வேண்டும்.