கிளிசரால் வினையூக்கிகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆய்வுத் திட்டத்துக்காக வரும் மாணவர்களில் பலர், பயோடீசல் தயாரிப்பில் மிஞ்சும் கிளிசராலை விலையுள்ள பொருளாக மாற்றும் வினையூக்கியையே தலைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 10 கிலோ பயோடீசலுக்கு ஏறக்குறைய 1 கிலோ கிளிசரால் மிஞ்சுவதால் தேவையான தலைப்புதான். ஆனால் எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் விழுகிறார்கள். எடை பிசகுவது, வெப்பமானியைச் சரிபார்க்காதது போன்றவற்றை எந்த ஆய்வக உதவியாளரும் சொல்லித் தருவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கச்சாக் கிளிசராலை அப்படியே அமில வினையூக்கியில் ஊற்றுதல்

கிளிசராலும் அசிட்டோனும் அமில வினையூக்கியின் மேல் சேர்ந்தால் பெட்ரோலில் கலக்கத்தக்க சோல்கீட்டால் கிடைக்கும். பலரும் இதற்கு ஆம்பர்லிஸ்ட்-15 என்னும் பிசின் மணிகளையே எடுக்கிறார்கள். கடையில் வாங்கிய தூய கிளிசராலில் அது அருமையாக வேலை செய்கிறது. சிக்கல் கச்சாப் பொருளில்தான். ஒரு மாணவர் புங்க எண்ணெய் பயோடீசலிலிருந்து கருத்த கிளிசராலைக் கொண்டுவந்தார். பயோடீசல் தயாரிப்பில் போட்ட காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சமன்செய்திருந்ததால் அதில் சோடியம் குளோரைடு கரைந்திருந்தது. முதல் ஓட்டத்தில் மாற்ற விகிதம், அதாவது வினையில் மாறிய கிளிசராலின் பங்கு, உயர்வாக வந்தது. அதே மணிகளை வைத்து நடத்திய இரண்டாம் ஓட்டத்தில் அடியோடு விழுந்தது. நிறம் ஏறி நுண்துளைகள் அடைத்துக்கொண்டன என்று எண்ணி மெத்தனாலில் கழுவிக் காயவைத்தார், பயனில்லை. முதல் ஓட்டத்தின் திரவத்தில் pH தாளை நனைக்கச் சொன்னேன். தாள் சட்டென்று சிவந்தது.

மணியில் இருந்த அமில ஹைட்ரஜனின் இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்ள, ஹைட்ரோகுளோரிக் அமிலம் திரவத்துக்குள் வந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் வினையை நடத்தியதில் பெரும்பங்கு அந்த அமிலத்துக்கே உரியது. கணக்கைப் பாருங்கள்: 100 கிராம் கச்சாக் கிளிசராலில் 5% உப்பு இருந்தால் அது சுமார் 85 மில்லிமோல். அதற்குப் போடும் 5 கிராம் மணிகளில், கிராமுக்கு 4.7 வீதம், அமிலம் 23.5 மில்லிமோல்தான். உப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருக்கையில் மணிகள் எப்படித் தாங்கும்? இழப்பு அதோடு நிற்பதுமில்லை. அமிலமும் தண்ணீரும் கலந்த திரவத்தை வாலை வடிக்கும்போது சோல்கீட்டால் மறுபடி அசிட்டோனாகவும் கிளிசராலாகவும் பிரிகிறது. குளோரைடு துருப்பிடிக்காத எஃகுக் கலத்தையும் குழிகுழியாக அரிக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முதல் ஓட்டத்தின் எண்ணை மட்டும் அறிக்கையில் போட்டு, மறுபயன்பாட்டுப் பகுதியைத் தூய கிளிசராலில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வினை பாதி நடக்கையில் சூட்டோடு மணிகளை வடிகட்டி, திரவத்தை மட்டும் அதே வெப்பத்தில் தொடர விடுங்கள். மாற்றம் மேலும் ஏறினால் அமிலம் கசிந்துவிட்டது என்று பொருள். கச்சாப் பொருளை முதலில் அமிலமாக்கி அதிலுள்ள சோப்பைக் கொழுப்பமிலமாகப் பிரித்தெடுத்து, மெத்தனாலை ஆவியாக்கி, படியும் உப்பை வடிகட்டி, வெற்றிடத்தில் வாலை வடித்த பிறகே வினைக்கு எடுக்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் கிளிசரால் 290 டிகிரியில்தான் கொதிக்கும். அங்கே அது சிதையவும் தொடங்கிவிடும்.

தண்ணீரை மறத்தல்

ஒரு சோல்கீட்டால் மூலக்கூறோடு ஒரு தண்ணீர் மூலக்கூறும் பிறக்கிறது. அது வினையைப் பின்னோக்கித் தள்ளும். அதை வெளியேற்றுங்கள், இல்லையேல் அசிட்டோனைக் கூட்டுங்கள்.

மாற்ற விகிதத்தோடு நிறுத்துதல்

கிளிசரால் குறைந்துவிட்டது என்பதாலேயே விரும்பிய பொருள் வந்துவிட்டதாகாது. 300 டிகிரியை ஒட்டி, கிளிசராலிலிருந்து தண்ணீரை நீக்கி அக்ரோலின் தயாரிக்கும்போது ஒரு பகுதி கரியாக வினையூக்கியின் மேலேயே படிகிறது. உள்ளே போன கார்பனும் கிடைத்த பொருள்களிலுள்ள கார்பனும் ஒத்துப்போகின்றனவா என்று கார்பன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

கால்சியம் ஆக்சைடைத் திறந்து வைத்தல்

இந்தக் கார வினையூக்கி காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துத் திறன் இழந்துவிடும். சுட்டெடுத்த கையோடு பயன்படுத்துங்கள்.

யோசிக்காமல் காப்பர் குரோமைட்டை எடுத்தல்

ஹைட்ரஜன் அழுத்தத்தில் 200 டிகிரி வாக்கில் கிளிசராலை புரோப்பிலீன் கிளைக்காலாக மாற்ற, செம்பும் குரோமியமும் சேர்ந்த இந்த ஆக்சைடு நன்றாக உதவும். ஆனால் ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். செம்பும் துத்தநாக ஆக்சைடும், அல்லது மக்னீசியம் ஆக்சைடின் மேல் செம்பும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. அவற்றை முதலில் சோதியுங்கள். ஒப்பீட்டுக்காகக் குரோமைட் ஒரு முறை தேவைப்பட்டாலும், கழுவிய நீரைக் கழிவுத்தொட்டியில் ஊற்றாமல் பெயர் எழுதிய தனிக் கலனில் சேர்த்து வையுங்கள்.